கையடக்க விளையாட்டுக் கணினி: வாங்குமுன் எடை போடுங்கள்



கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இப்போது வீட்டில் கேட்கும் சாமான்களில் ஒன்று, கையடக்க விளையாட்டுக் கணினி. நடுவில் திரை, இரு பக்கமும் பிடித்து ஆடும் பொத்தான்கள், உள்ளே முழுக் கம்ப்யூட்டர். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2022-இல் ‘ஸ்டீம் டெக்’ என்பதை வெளியிட்டது. ஏசஸ் நிறுவனத்தின் ‘ராக் அல்லி’ 2023-இல் நம் நாட்டில் 69,990 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. சிறு கடைக்கு இது ஒரு கொள்முதல் பணம். ஆகவே விவரம் தெரிந்து வாங்க வேண்டும்.

தராசில் ஒரு தட்டு இறங்கினால் மறு தட்டு ஏறும். இந்தச் சாமானும் அப்படித்தான். ஒரு வசதியைக் கூட்டினால் இன்னொன்று குறையும்.

1. பேட்டரி: ராக் அல்லியில் 40 வாட்-மணி பேட்டரி. பெரிய விளையாட்டு 25 வாட் இழுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வரும். இராஜபாளையத்தில் பொதிகை ரயில் ஏறியவுடன் ஆடத் தொடங்கினால், மதுரை வருமுன் தீர்ந்துவிடும். 2024-இல் வந்த ‘அல்லி எக்ஸ்’ஸில் 80 வாட்-மணி. நேரம் இரட்டிப்பு, ஆனால் எடை 608 கிராமிலிருந்து 678 ஆனது, விலை 89,990 ஆனது.

2. திரை: லெனோவாவின் ‘லீஜன் கோ’வில் 8.8 அங்குலத் திரை. எழுத்து நன்றாகத் தெரியும். எடையோ 854 கிராம். முக்கால் கிலோவுக்கு மேல் உள்ள பொட்டலத்தைக் கையில் தூக்கியபடி ஒரு மணி நேரம் இருக்க முடியுமா என்று பாருங்கள்.

3. மென்பொருள்: விண்டோஸ் இருந்தால் அநேகமாக எல்லா விளையாட்டும் ஓடும், சிறு திரையில் அதைக் கையாளுவது சிரமம். ஸ்டீம் டெக்கின் மென்பொருள் எளிது; ஆனால் பலர் சேர்ந்து ஆடும் சில இணைய விளையாட்டுகள் அதில் ஓடா.

4. பில்: ஸ்டீம் டெக்கை வால்வ் நிறுவனம் இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. இங்கு கிடைப்பது வெளியிலிருந்து வந்த சரக்கு. பழுதானால் விற்றவர் வாய்ச்சொல்தான் உத்தரவாதம். பில் இல்லாத சரக்கின் கதை நமக்குப் புதிதல்ல.

5. வரி: 69,990 ரூபாயில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 10,676 ரூபாய் அடங்கியுள்ளது. கடைப் பெயரில் பில் வாங்கி, இதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளச் சிலருக்குத் தோன்றும். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு அந்த வரவு கிடையாது என்று சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. எடுத்தால் பின்னால் வட்டியோடு கட்ட நேரும். வீட்டுப் பெயரிலேயே பில் வாங்குங்கள்.

படிப்புக்கும் வேண்டுமென்றால், இதே பணத்துக்கு விசைப்பலகையும் பெரிய திரையும் உள்ள மடிக்கணினி கிடைக்கும். விடுதியில் தங்கி அடிக்கடி பயணம் போகும் பிள்ளைக்கே கையடக்கம் பொருந்தும். வீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆடுபவருக்கு, கையடக்கம் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண். பிள்ளையிடம் எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன், எங்கே வைத்து ஆடப் போகிறாய் என்று கேளுங்கள். பதிலிலேயே பாதி முடிவு வந்துவிடும்.