மரக்காணத்து வெயிலும் தாடி ஓணானின் உடற்சூடும்

விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில், கழுவெளி ஏரியை அடுத்துப் பரந்து கிடக்கும் மரக்காணம் உப்பளங்களில், சித்திரை, வைகாசி நடுப்பகலின் வெப்பத்தை ஒரே எண்ணால் குறிப்பிட இயலாது. நிழலில் தொங்கும் வெப்பமானி 37 டிகிரி செல்சியஸ் காட்டும் வேளையில், உலர்ந்த மணலின் மேற்பரப்பு 55 டிகிரியைத் தாண்டிச் சுடுகிறது; அதே மணலில் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே அந்தச் சூட்டின் பெரும்பகுதி எட்டுவதில்லை; சீமைக்கருவேலம் புதரின் அடியிலும் பனையின் நிழலிலும் நிலம் காற்றின் வெப்பநிலைக்கு அருகிலேயே நிற்க, உப்புநீர் கசியும் வரப்பின் ஈரப்பக்கம் ஆவியாதலால் ஓரளவு குளிர்ந்திருக்கிறது. சில அடித் தொலைவுக்குள் இத்தனை வெப்பநிலைகள் அடுத்தடுத்து அமைந்திருப்பதால்தான் இக்கரையின் ஓணான்கள் கோடையைக் கடந்து வாழ்கின்றன. வீடுகளில் கண்ணாடித் தொட்டிக்குள் வளர்க்கப்படும் ஆஸ்திரேலியத் தாடி ஓணானின், அதாவது செல்லப்பிராணிக் கடைகளில் பியர்டட் டிராகன் என்று விற்கப்படும் பல்லியின், வெப்பத் தேவையைப் புரிந்துகொள்ள விரும்புவோர் முதலில் இந்த உப்பள வரப்பைக் கவனிப்பது நல்லது.

இக்கரையின் வெட்டவெளி மணலிலும் புல்தரையிலும் வாழும் சிறிய ஓணான்களுள் ஒன்று விசிறித்தொண்டை ஓணான். பிரெஞ்சு விலங்கியலாளர் ஜார்ஜ் குவியே 1829இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, மரக்காணத்துக்குத் தெற்கே அதே கடற்கரையில் உள்ள புதுச்சேரியின் பெயரை இணைத்துச் சித்தானா பாண்டிசெரியானா என்று பதிவு செய்தார். பின்னங்காலில் நான்கு விரல்களே கொண்டதும், துரத்தப்பட்டால் முன்னுடலைத் தூக்கிப் பின்னங்கால்களால் மட்டும் ஓடக்கூடியதுமான இந்த ஓணானின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் ஒரு கல்லின் மீதோ மண்கட்டியின் மீதோ ஏறி நின்று தொண்டை விசிறியை விரித்துக் காட்டுகிறது. அந்த உயரம் பெண்ணின் பார்வையில் படுவதற்கு உதவுவதோடு, மணலை ஒட்டிக் கிடக்கும் மிகச் சூடான காற்றடுக்கிலிருந்து உடலைச் சில அங்குலம் மேலே தூக்கியும் விடுகிறது. காலையில் வயிற்றைத் தரையில் பதித்து வெயில் காயும் ஓணான் இனங்கள், வெயில் ஏற ஏறக் கால்களை நிமிர்த்தி நின்று, பிறகு சூரியனை நோக்கி முகம் திருப்பி, உடலில் படும் கதிரின் பரப்பைக் குறைத்து, இறுதியில் நிழலுக்குள் சென்றுவிடுகின்றன. விசிறித்தொண்டை ஓணான், வேலியோரங்களில் காணப்படும் சாதாரண ஓணான், தாடி ஓணான் ஆகிய மூன்றும் அகாமிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றும் தங்கள் உடற்சூட்டை ஆளும் வழியும் அடிப்படையில் ஒன்றே.

பல்லி, பாம்பு, ஆமை முதலிய ஊர்வனவற்றைக் குளிர் இரத்தப் பிராணிகள் என்று பள்ளிப் பாடங்கள் நெடுங்காலம் குறிப்பிட்டு வந்துள்ளன. வெயிலில் திரியும் ஓர் ஓணானின் இரத்தம் மனித இரத்தத்துக்கு நிகராகச் சூடாக இருப்பதால் இது பொருந்தாத பெயராகும். மனித உடல் உணவை எரித்து உள்ளிருந்தே வெப்பத்தை உண்டாக்குகிறது. ஊர்வன தம் வெப்பத்தைச் சூரியக் கதிரிலிருந்தும், தொட்டுக் கிடக்கும் மண்ணிலிருந்தும், சுற்றியுள்ள காற்றிலிருந்தும் பெறுகின்றன. இத்தகைய உயிரிகளைப் புறவெப்ப உயிரிகள் என்பர். இவ்வாறு வாழ்வதால் ஊர்வனவற்றுக்கு உணவு மிகக் குறைவாகவே தேவைப்படுகிறது. ஆனால் உடல் வெப்பநிலை 10 டிகிரி தாழ்ந்தால் செரிமானம் உள்ளிட்ட உடலின் வேதிவினைகள் ஏறக்குறையப் பாதி வேகத்துக்கு இறங்கிவிடுகின்றன.

அமெரிக்க விலங்கியலாளர்கள் ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் இருவரும் 1944இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடித்தளமாகும். பாலைவனப் பல்லிகள் வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே மாறி மாறி நகர்ந்து, பகல் முழுவதும் தம் உடல் வெப்பநிலையைக் குறுகிய எல்லைக்குள் நிறுத்திக்கொள்வதை அவர்கள் அளந்து காட்டினர். நிழலை அடையும் வழி அடைக்கப்பட்ட பல்லி வெயிலில் வெகுவிரைவில் இறந்துவிடும் என்பது அவ்வாய்வின் மற்றொரு முகம். இதைத் தாடி ஓணான் வளர்க்கும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும். 1963இல் ஜார்ஜ் பார்த்தலோமியூ, வான்ஸ் டக்கர் ஆகியோர் கிழக்கு ஆஸ்திரேலியத் தாடி ஓணானை ஆராய்ந்தபோது மேலும் நுட்பமான செய்தி வெளிப்பட்டது. அந்த ஓணான் சூடேறும் வேகம், குளிரும் வேகத்தைவிட அதிகமாக இருந்தது. உடல் வெப்பநிலை ஒன்றாகவே இருந்தாலும், சூடேறும்போது இதயம் விரைவாகவும் குளிரும்போது மெதுவாகவும் துடித்தது. தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும், கிடைத்த சூட்டை விரைந்து உள்வாங்கவும் மெல்ல இழக்கவும் அவ்வுடல் அறிந்திருக்கிறது.

வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படுவது மத்திய ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்த போகோனா விட்டிசெப்ஸ் என்னும் இனம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் பகலும், குளிர்காலத்தில் உறைநிலையை நெருங்கும் இரவும் கொண்ட நிலம் அது. அங்கே இப்பல்லி பட்டுப்போன மரக்கட்டைகளிலும் வேலிக்கம்பங்களிலும் ஏறி வெயில் காய்ந்து, உடல் வெப்பநிலை 35 டிகிரியை ஒட்டி நிற்குமாறு பார்த்துக்கொள்கிறது. குளிர்ந்த காலையில் முதுகு கருமையாகிக் கதிரை ஈர்க்கிறது. உடல் சூடேறியதும் வெளிறிக் கதிரைத் திருப்பி அனுப்புகிறது. சூடு மேலும் ஏறி 37 டிகிரியை நெருங்கினால் வாயைத் திறந்து வைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. வளர்ப்போர் பலர் இந்த வாய்திறப்பைக் கோபம் என்றோ பசி என்றோ எண்ணுவதுண்டு. விளக்கின் கீழ் சிறிது நேரம் வாய் திறந்திருப்பது இயல்பானதே; தொட்டியின் எந்த மூலைக்குச் சென்றாலும் வாய் மூடவில்லை என்றால் அங்கே குளிர்ந்த இடமே இல்லை என்று பொருள்.

எனவே தொட்டிக்கு உகந்த வெப்பநிலை எது என்ற கேள்வியே திருத்தப்பட வேண்டியது. ஒரு முனை சூடாகவும் மறு முனை குளிர்ந்தும், இடையில் படிப்படியாகக் குறைந்தும் அமையும் வெப்பநிலை வரிசையை வெப்பச் சரிவு என்பர். தாடி ஓணானுக்கு வேண்டியது அந்தச் சரிவுதான். விளக்கின் நேர்கீழே கல்லின் அல்லது கட்டையின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி வரையிலும், எதிர்முனையில் காற்று 24 முதல் 28 டிகிரி வரையிலும் இருந்தால், எங்கே எவ்வளவு நேரம் இருப்பது என்பதை ஓணான் தானே தீர்மானித்துக்கொள்ளும். வளர்ந்த ஓணானுக்கு நான்கடி நீளத் தொட்டி வேண்டும் என்று வலியுறுத்தப்படுவதன் முதன்மையான காரணமும் இதுவே. இரண்டடித் தொட்டியில் விளக்கின் சூடு இரு முனைகளையும் நிரப்பிவிடுவதால் அங்கே சரிவு உருவாக வழியில்லை.

குளிர்நாடுகளின் வளர்ப்புக் கையேடுகள் வீட்டின் அறை 20 டிகிரியில் இருக்கும் என்று கொண்டு, சூடான முனையை அமைப்பதைப் பற்றியே விரிவாகப் பேசுகின்றன. மரக்காணம் முதல் புதுச்சேரி வரையிலான கரையில் வைகாசி மாத அறை காலையிலேயே 32 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. அங்கே தொட்டியின் எதிர்முனையும் 34, 35 டிகிரியில் நின்றால், விளக்கை அணைத்தாலும் ஓணானுக்கு இறங்கிச் செல்லப் படியில்லை. சோழமண்டலக் கரையில் வளர்ப்போரின் உழைப்பும் செலவும் குளிர்முனையை நோக்கியே செல்ல வேண்டும். தரையில் மணலுக்குப் பதில் தரை ஓடு பதிப்பது, எதிர்முனையில் மண்சட்டியைக் கவிழ்த்து மறைவிடம் அமைப்பது, மூடியைக் கம்பிவலையால் செய்வது, கோடை நடுப்பகலில் விளக்கைச் சில மணிநேரம் அணைத்து வைப்பது ஆகியவை ஓரளவு உதவும். குளிரூட்டிய அறையில் தொட்டியை வைத்து, அதனுள் விளக்கை எரியவிடுவது மின்சாரத்தை இருமுறை செலவிடுவதாகத் தோன்றினாலும், சரிவை உண்டாக்க அதுவே உறுதியான வழி. அந்தச் செலவைத் தாங்க முடியாதவர்கள் இக்கரையில் இப்பிராணியை வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

வெப்பத்தோடு ஈரப்பதமும் இங்கே சேர்ந்துகொள்கிறது. உப்பளத்தில் பாத்தி நீரின் உப்புச் செறிவு, நீரின் அடர்த்தியைக் குறிக்கும் போமே அளவில் 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு விளையத் தொடங்கும். மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் நாளில் அந்நிலை விரைந்து வருகிறது, ஈரக் கடற்காற்று நிலைத்த நாளில் தாமதமாகிறது. காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருந்தால் பாத்தியிலிருந்து நீர் எளிதில் வெளியேறுவதில்லை என்ற அதே விதி, ஓணானின் திறந்த வாய்க்கும் பொருந்தும். வறண்ட ஆஸ்திரேலியக் காற்றுக்காக அமைந்த குளிர்விப்பு முறை, ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தொடும் கரையில் தன் ஆற்றலில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. வியர்வையை நம்பியிருக்கும் மனித உடலும் இதற்கு விலக்கல்ல. ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பச் சுமையில் உழைப்பது தெரியவந்தது. வரப்பில் திரியும் ஓணான் வெயில் முற்றியதும் புதருக்குள் போய்விடுகிறது; நிழலற்ற பாத்தியில் உப்பு வாரும் தொழிலாளர்களுக்கு அந்தத் தேர்வு இல்லை என்பது, ஒரு செல்லப்பிராணியின் வசதியைப் பேசும்போதும் மறக்கக் கூடாத செய்தி.

அளக்கும் முறையிலும் கவனம் தேவை. தொட்டியின் கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானி, அது ஒட்டியிருக்கும் இடத்தின் சூட்டைத்தான் காட்டும். ஓணானின் வயிறு படியும் கல் அதைவிட 10 டிகிரி சூடாக இருக்கலாம். பொருளைத் தொடாமலே அதன் மேற்பரப்பு வெப்பத்தைக் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானியால் விளக்கின் கீழும் மறுமுனையிலும் தனித்தனியே அளக்க வேண்டும். அடியிலிருந்து மின்சாரத்தால் சூடாகும் செயற்கைக் கற்களைத் தவிர்ப்பது நல்லது. இயற்கையில் வெப்பம் மேலிருந்து ஒளியோடு வருவதால் ஓணான் ஒளியைக் கொண்டே சூட்டைத் தேடுகிறது; வயிற்றுக்குக் கீழே ஏறும் சூட்டை உரிய நேரத்தில் உணராமல் தீக்காயம் பட்ட பிராணிகளைக் கால்நடை மருத்துவர்கள் காண்கின்றனர்.

ஒளியின் பங்கு சூட்டோடு முடிவதில்லை. 290 முதல் 320 நானோமீட்டர் வரையிலான புறஊதா பி கதிர் தோலில் பட்டதும் அங்குள்ள ஒரு கொழுப்புப் பொருள் வைட்டமின் டி3யின் முன்வடிவமாக மாறுகிறது. அந்த முன்வடிவம் முழு வைட்டமினாக மாறும் இரண்டாம் படிக்குக் கதிர் வேண்டியதில்லை, உடற்சூடே போதும். ஆகவே நல்ல புறஊதா விளக்கு இருந்தும் உடல் போதிய அளவு சூடாகாத ஓணானுக்கும், நன்கு சூடாகியும் புறஊதாக் கதிர் கிடைக்காத ஓணானுக்கும் சுண்ணாம்புச் சத்து சேராமல் எலும்பு மென்மையாகித் தாடையும் கால்களும் வளையும் நோய் வருகிறது. சன்னல் கண்ணாடி இக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் கடற்கரை வெயிலைக் காட்ட விரும்புவோர் காலை 8 முதல் 9 மணிக்குள், பாதி நிழலுள்ள கம்பிவலைக் கூண்டில் வைத்து அருகிலேயே இருக்கலாம். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால், உள்ளே அடைபடும் வெப்பம் சில நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடும்.

முட்டையிலும் வெப்பம் தலையிடுகிறது. தாடி ஓணானில் ஆணுக்கு இசட் இசட், பெண்ணுக்கு இசட் டபிள்யூ என்ற பால் குரோமோசோம்கள் உள்ளன. ஆனால் அடைகாப்பு வெப்பநிலை 32 டிகிரிக்கு மேல் ஏறினால், மரபின்படி ஆணாக வேண்டிய கருக்கள் பெண்ணாக வளர்வதை 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நிறுவினர். இயற்கை வாழிடத்திலும் இது நிகழ்வது 2015இல் உறுதியானது. இக்கரையின் கோடை அறையில் எந்தக் கட்டுப்பாடும் இன்றி வைக்கப்படும் முட்டைகள் இந்த எல்லையை எளிதில் கடந்துவிடும்.

கார்த்திகையில் நிலைமை தலைகீழாகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நிகழ்ந்தது போல, வடகிழக்குப் பருவமழையின் தாழ்வுநிலைகள் வெயிலை நாள்கணக்கில் மறைத்து, மின்சாரத்தையும் நிறுத்திவிடுகின்றன. அறை வெப்பநிலை 23, 24 டிகிரிக்கு இறங்குவது தாடி ஓணானின் உயிருக்கு ஆபத்தானதல்ல. சொந்த நிலத்தில் அது இதைவிடக் குளிர்ந்த இரவுகளைக் கண்டதே. வயிற்றில் உணவோடு அவ்வாறு குளிர்வதுதான் ஆபத்து, ஏனெனில் செரிமானம் நின்றுபோய் உண்ட புழுவும் கீரையும் குடலிலேயே தேங்கிக் கெடுகின்றன. புயல் அறிவிப்பு வந்ததும் உணவை நிறுத்திவிட வேண்டும். வளர்ந்த ஓணான் சில நாள்கள் உண்ணாமல் தாங்கும். மின்சாரம் திரும்பியதும் விளக்கின் கீழ் அது முழுமையாகச் சூடேறி, நிறம் வெளிறி, சுறுசுறுப்பாக நடமாடத் தொடங்கிய பிறகே முதல் உணவை வைக்க வேண்டும்.