கச்சான் திரும்பும் வேளை

மும்பையில் வாழும் நம்மவருள் கடலைக் காணாதவர் எவரும் இரார்; கடல்மேற் சென்றவர் மிகச் சிலரே. மெரீன் டிரைவ் சுவரின்மீது அமர்ந்து காற்று வாங்குகிறோம். ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் கேட்வே ஆப் இந்தியாவில் விசைப்படகேறி எலிபெண்டாவுக்கு ஒருமுறை சென்று மீள்கிறோம். அவ்வளவில் நமக்கும் கடலுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் தீர்ந்துவிடுகிறது. பாய் விரித்து, காற்றை மட்டுமே நம்பி இத்துறைமுகத்து நீரிற் செல்லும் வாய்ப்பு, நாற்பது ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்த பின்னரே எமக்குக் கிட்டியது. அதனை எழுதித் தருமாறு நண்பர்கள் பணித்தனர். படகைப் பற்றி எழுதப் புகுந்தால் மறைந்த எம் துணைவியாரைப் பற்றி எழுதாமல் முடியாது என்பதை அவர்களும் அறிந்தே பணித்தனர் என்று கருதுகிறோம்.

அவர் தூத்துக்குடித் தண்டல் ஒருவரின் மகள். தண்டல் என்பது தோணியை நடத்திச் செல்லும் தலைவருக்குப் பெயர். தூத்துக்குடித் தோணி என்றால் இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் ஆற்றைக் கடக்கும் சிற்றோடம் என்று எண்ணக்கூடும். அஃது அன்று. மரத்தாற் கட்டிய பெருங்கலம் அது. எந்திரம் பொருத்தும் வழக்கம் வருமுன்னர், அத்தோணிகள் பாயின் வலிமை ஒன்றினாலேயே வெங்காயமும் மிளகாயும் உப்பும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குச் சென்றுவந்தன. ஏறத்தாழ 150 கடல் மைல் தொலைவு. காற்று இசைந்தால் இரண்டு நாளிற் சேரலாம். இசையாவிடில் எத்தனை நாள் என்பதை எவராலும் கூறவியலாது. ஆதலால் தண்டல் வீட்டில் சோற்றைப் பற்றிய பேச்சினும் காற்றைப் பற்றிய பேச்சே மிகுதி. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான் என்பதைக் குழந்தைகள் எண்ணும் எழுத்தும் கற்குமுன்னரே கற்றுவிடுவர்.

1984-ஆம் ஆண்டு மணம் முடித்து அவரைப் பம்பாய்க்கு அழைத்துவந்தோம். அந்நாளில் இந்நகரின் பெயர் அதுவே. யாம் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்திற் கணக்கர். நாள்தோறும் கப்பல்களின் கணக்கை எழுதினோமேயன்றி ஒரு கப்பலின் தளத்திற் கால் வைத்ததில்லை. வடாலாவில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் குடியிருந்தோம். மொட்டை மாடியில் துணி உலர்த்தும் கொடியே அவருக்கு வானிலை நிலையமாயிற்று. புடவை எப்பக்கம் பறக்கின்றது என்று நோக்குவார். உடனே இன்ன காற்று, இன்ன நேரத்தில் மாறும் என்பார். அண்டை வீட்டு மராத்திப் பெண்மணிகள்கூட ஊறுகாய்க்கு மாங்காய் உலர்த்துமுன் அவரைக் கேட்கும் வழக்கம் ஏற்பட்டது.

இந்நகரின் கடலில் இரண்டு செய்திகள் அவரை மிகவும் வியப்பில் ஆழ்த்தின. ஒன்று, நீரின் ஏற்ற வற்றம். தூத்துக்குடியில் அது ஒரு மீட்டர் அளவுகூட இராது. இங்கோ முழுநிலவையும் மறைநிலவையும் அடுத்த நாள்களில் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகின்றது. வடக்கே செல்லச் செல்ல இது பெருகி, காம்பே வளைகுடாவில் 10 மீட்டரையும் கடக்கும். சிவ்ரியில் காலையிற் கண்ட கடல் மாலையில் வெறுஞ் சேறாகக் கிடப்பதை முதன்முதற் கண்டபோது, “இங்கே கடல் ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வருது” என்றார். லீவு கிடைக்காமல் ஊருக்குப் போகவியலாத எம்மைக் குறித்தே அவ்வாறு கூறினாரோ என்று ஐயுற்றோம்.

மற்றொன்று கச்சான். தூத்துக்குடிக்குக் கடல் கிழக்கே உள்ளது. ஆதலின் மேற்கிலிருந்து வரும் கச்சான் நிலத்தைக் கடந்து, சூட்டையும் மணலையும் அள்ளிக்கொண்டு வரும். இங்கே கடல் மேற்கே உள்ளமையால் அதே கச்சான் குளிர்ந்து வருகின்றது. “பேரு அதேதான், குணம் மாறிட்டுது” என்று சிரிப்பார். குளிர்காலத்தில் காலை முழுதும் கிழக்கிலிருந்து மெல்லிய நிலக்காற்று வரும். நண்பகலில் அது ஓய்ந்து கொடியிலுள்ள துணியெல்லாம் செங்குத்தாகத் தொங்கும். “காற்று மூச்சுப் பிடிக்குது. இன்னும் அரை மணியில் கச்சான் திரும்பும்” என்பார். திரும்பும். யாம் அதனை ஒரு விளையாட்டாகவே கொண்டோம்.

1986-இல் அவரை எலிபெண்டாவுக்கு அழைத்துச் சென்றோம். குகையில் உள்ள மாபெரும் மும்முகச் சிவனை நெடுநேரம் நின்று கண்டார். ஆனால் படகிற் போகும்போதும் வரும்போதும் முகம் தெளியவில்லை. காரணம் வினவியதற்கு, “இது படகா, பஸ்ஸா? காற்றைக் கேட்காமலே போகுதே! ஒரு நாள் பாய் விரிச்ச படகில் கூட்டிட்டுப் போங்க” என்றார். ஆகட்டும் என்றோம்.

ஆகட்டும் என்ற அச்சொல்லை எத்தனை முறை கூறினோம் என்று இப்பொழுது எண்ணிப் பார்க்க அஞ்சுகிறோம். பிள்ளைகளின் படிப்பு முடியட்டும்; வீட்டுக் கடன் தீரட்டும்; ஓய்வு பெறட்டும். 2018-இல் ஓய்வு பெற்றோம். அவருக்கு முழங்கால் வலி தொடங்கியது. 2020-இல் நோய்த்தொற்றும் ஊரடங்கும் வந்தன. 2023 ஐப்பசியில் அவர் மறைந்தார். இத்தகைய கட்டுரைகளில் ஒருவர் தம்மை ‘யாம்’ என்று எழுதுவது பழைய மரபு. 39 ஆண்டுகள் அச்சொல்லில் உண்மையாகவே இருவர் இருந்தோம்.

அது நிற்க. துறைமுகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் உளர். பெயரை வெளியிட வேண்டா என்பது அவர் கட்டளை. பாய்மரப் படகு செலுத்துவதை நடுவயதிற் கற்றவர். நண்பர் ஒருவரின் படகை இரவல் பெற்று, 2024 மார்கழியில் எங்கள் நால்வரையும் அழைத்தார். மாதுங்கா நண்பர் ஒருவர், டோம்பிவிலி நண்பர் ஒருவர், துறைமுக நண்பர், யாம். நாள் குறித்தார்: தேய்பிறை அஷ்டமி.

மாதுங்கா நண்பர் துடித்துப் போனார். மார்கழியே புதிது தொடங்கக் கூடாத மாதம், அதிலும் அஷ்டமியா! துறைமுக நண்பர் அசையவில்லை. முழுநிலவன்றும் மறைநிலவன்றும் மும்பைத் துறைமுகத்தில் நண்பகலையொட்டி நீர் நிறைந்திருக்கும். நாளொன்றுக்கு 50 நிமிட அளவு பிந்திப் பிந்தி, அஷ்டமியன்று நண்பகலையொட்டி நீர் வற்றிவிடும். ஆகவே காலையிற் புறப்பட்டால் வற்றும் நீர் படகைத் தெற்கே இழுத்துச் செல்லும்; பிற்பகலில் ஏறும் நீர் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். அஷ்டமியில் நீரோட்டத்தின் விசையும் குறைவு, புதியவர்க்கு நல்லது. “பஞ்சாங்கத்தை நானும் பார்த்துத்தான் சொல்கிறேன், சார்” என்றார். மாதுங்கா நண்பர் இராகுகாலம் கழிந்தபின் படகேறுவதாக ஒப்புக்கொண்டு எலுமிச்சைச் சாதமும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு வந்தார்.

படகு ஆறு மீட்டர் நீளம் இருக்கும். ஒரு மரம், இரண்டு பாய்கள், அடியில் நீருக்குள் கனத்த இரும்புத் தகடு. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது அத்தகடு நீரைப் பற்றிக்கொள்வதாலேயே படகு சறுக்காமல் முன்னே செல்கிறது என்று விளக்கினார். புறப்பட்ட சிறிது நேரத்தில் “ஷீட்டை விடுங்கள்!” என்று கூவினார். மாதுங்கா நண்பர் தாம் அமர்ந்திருந்த படுக்கை விரிப்பை எழுந்து நின்று கொடுத்தார். படகு ஆடிய ஆட்டத்தில் எலுமிச்சைச் சாதம் கவிழ்ந்தது. பாயின் கீழ்மூலையைக் கட்டி இழுக்கும் கயிற்றுக்கே ஆங்கிலத்தில் அப்பெயராம். “தாமான்” என்று யாம் முணுமுணுத்தோம். எம் துணைவியார் வீட்டில் அதற்கு அதுவே சொல். கொடியிற் கட்டிய கயிறு தளர்ந்தால்கூட “தாமானை இழுத்துக் கட்டுங்க” என்பார். துறைமுக நண்பர் அன்று முழுதும் அச்சொல்லையே ஆண்டார், அதன்பின் குழப்பமில்லை.

கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் கலந்து வந்த மென்காற்றில் கொலாபாவை வலப்புறம் வைத்துத் தெற்கே சென்றோம். எந்திர ஓசை இல்லை. படகின் விலாவில் நீர் உரசும் ஒலியும், பாயின் ஓரம் அவ்வப்போது படபடக்கும் ஒலியுமே. பின்னே வடக்கில், எலிபெண்டாவின் இரட்டைக் குன்றுக்கும் அப்பால், 2024 தொடக்கத்தில் திறந்த அடல் சேது ஒரு கோடு இழுத்தாற்போற் கிடந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். முன்னே தென்மேற்கில், 1875-ஆம் ஆண்டு முதல் நிற்கும் பிராங்ஸ் கலங்கரை விளக்கம் தெரிந்தது. எங்கள் அலுவலகத் தாள்களில் முப்பது ஆண்டு எழுதிய பெயர்களெல்லாம் பாறையாகவும் மிதவையாகவும் எதிர்ப்பட்டன.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் காற்று நின்றது. பாய் தொங்கிற்று. நீரோட்டமும் ஓய்ந்தது. படகு கண்ணாடிமேல் வைத்த பொம்மைபோல் நின்றுவிட்டது. வெயில் உறைத்தது. சற்றுத் தொலைவில் மாண்ட்வா விசைப்படகு விரைந்து சென்றது. அதன் அலை மட்டுமே எங்களை அசைத்தது. செய்வதற்கு ஒன்றுமில்லாத அவ்வேளையில்தான் பேச்சு எம் துணைவியார்பாற் சென்றது. ஓராண்டுக்கும் மேலாக நண்பர் எவரும் எம்மெதிரில் அவர் பெயரை எடுத்ததில்லை. எம்மை வருத்தலாகாது என்ற நல்லெண்ணம். அது எம்மை எவ்வளவு வருத்தியது என்பதை அவர்கள் அறியார்.

டோம்பிவிலி நண்பர் திருநெல்வேலிக்காரர். நெடுநேரம் தயங்கிப் பின் கூறினார்: “அண்ணாச்சி, மதினி உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாங்க. 1998-ல எம் மகன் பத்தாம் வகுப்புல தவறி, சாப்பிடாமக் கிடந்தானே. அப்ப மதினிதான் வந்து அவனைப் பாவூச்சா தக்காவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ரேவஸ் படகுல ஏத்திக் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டியாந்தாங்க. பய வழி பூரா வாந்தி. வீட்டுக்கு வந்து மூணு தட்டுச் சோறு தின்னான்.”

எம்மிடம் ஏன் மறைத்தார் என்று வினவினோம்.

“அதை நானும் கேட்டேன், அண்ணாச்சி. ‘அவுக என்னைக் கூட்டிட்டுப் போகலையேன்னு வருத்தப்படுவாக’ன்னாங்க. அப்பப்போ தனியாவே அந்தப் பக்கம் போய்ப் படகுகளைப் பார்த்துட்டு வருவாங்களாம். சந்தைக்குப் போற நேரத்துல.”

பாவூச்சா தக்காவில் மீன் மலிவு என்று அவர் கூறுவதுண்டு. வடாலாவிலேயே மீன் கிடைக்க, அவ்வளவு தொலைவு செல்வானேன் என்று யாம் ஒருமுறை கடிந்துகொண்டதும் நினைவுக்கு வந்தது. அதனை நண்பர்களிடம் கூறவில்லை, இங்கே எழுதுகிறோம். துயரமும், அவர் எம்மை எதிர்பாராமலே கடலைக் கண்டுவந்தார் என்னும் ஆறுதலும் ஒருங்கே எழுந்தன. எது மிகுதி என்று அப்பொழுதும் தெரியவில்லை, இப்பொழுதும் தெரியவில்லை.

பன்னிரண்டரை ஆயிற்று. மாதுங்கா நண்பர் அஷ்டமியை மெல்ல நினைவூட்டினார். துறைமுக நண்பர், தெரிந்த விசைப்படகுக்காரரைத் தொலைபேசியில் அழைத்து இழுத்துச் செல்லச் சொல்லலாமா என்று எண்ணிக் கைப்பேசியை எடுத்தார். “சற்றுப் பொறுங்கள், கச்சான் திரும்பும்” என்றோம். எம் வாயிலிருந்து வந்த சொல் எமக்கே வியப்பளித்தது. மூவரும் எம்மை நோக்கினர். ஒருவரும் நகைக்கவில்லை.

கைப்பேசி மடியிற் கிடந்தது. முதலில் தொலைவில் நீரின் நிறம் மாறிற்று. சாம்பல் நிறமாய் ஒரு பட்டை மேற்கிலிருந்து நகர்ந்து வந்தது. பின்னர்க் கழுத்தின் பின்புறம் குளிர்ந்தது. பாய் ஒருமுறை தட்டி, நிறைந்தது. படகு சாய்ந்து எழுந்தபோது மாதுங்கா நண்பர் “அம்மா!” என்று கூவியதை அவர் அனுமதியோடு பதிவு செய்கிறோம். வடமேற்கிலிருந்து வந்த அக்காற்றுக்கு எதிரே திரும்ப வேண்டியிருந்தது. காற்றுக்கு நேரெதிரே எப்பாய்மரமும் செல்லாது. வலப்புறம் சிறிது, இடப்புறம் சிறிது என்று வளைந்து வளைந்தே ஏற வேண்டும். ஏறும் நீர் அடியிலிருந்து தாங்கிற்று. நடுவில் சுக்கானைச் சிறிது நேரம் எம்மிடம் கொடுத்தார். காற்றைக் கன்னத்தில் உணர்ந்து திருப்புங்கள், பாயைப் பார்க்க வேண்டா என்றார். எம் இடப்பக்கம் பலகையில் ஓர் ஆள் அமரும் இடம் வெறுமையாக இருந்தது. நண்பர்கள் மூவரும் காற்றடிக்கும் பக்கத்திற் பாரத்துக்காக நெருங்கி அமர்ந்திருந்தனர்.

நான்கு மணிக்குக் கரை சேர்ந்தோம். தயிர்ச்சாதம் தப்பியிருந்தது, கேட்வே படிக்கட்டில் அமர்ந்து உண்டோம்.

மறுநாட் காலை மொட்டை மாடிக் கொடியில் எம் வேட்டி ஒன்றை உலர்த்தினோம். பதினொன்றரை மணிவரை அது மேற்கு நோக்கி மெல்லப் பறந்தது. பின்னர்த் தொங்கிவிட்டது. கீழ்வீட்டுப் பெண்மணி வற்றல் தட்டோடு வந்து, காற்று வருமா என்று மராத்தியில் வினவினார். அரை மணியில் வரும் என்று கூறி, அவரோடு நின்றிருந்தோம்.