மனநல மாத்திரையும் மெடிக்கல்காரர் சொல்லும் இரண்டு வார்த்தையும்

கோவில்பட்டியில் பொழுது சாய்ந்ததும் மெடிக்கல்களில் கூட்டம் சேர்ந்துவிடும். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வருகிற பெண்கள், ஊருக்குப் பஸ் ஏறுவதற்கு முன் இடுப்பு வலிக்கு மாத்திரை வாங்க வருகிறவர்கள், காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தாய்மார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வாங்குகிறவர் சீட்டை நீட்டிச் சத்தமாகவே கேட்பார். ஒருவர் மட்டும் ஓரமாக நிற்பார். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போகட்டும் என்று காத்திருப்பார். அவர் நாலாக மடித்துக் கைக்குள் வைத்திருப்பது மனநல மருத்துவர் எழுதிய சீட்டு. கடைப் பையன் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இந்தத் தூக்க மாத்திரை இருக்கா?” என்று உள்ளே குரல் கொடுத்துவிடுவானோ என்பதுதான் அவருடைய பயம். பக்கத்தில் நிற்கிறவர் சொந்த ஊர்க்காரராக இருக்கலாம். வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கலாம். இந்தப் பக்கம் ஒரு வீட்டுக்குக் “கோட்டி” என்று பேர் விழுந்துவிட்டால் அது லேசில் போகாது.

அந்த ஒரு நிமிடத்தில் மருந்தாளுநர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த மாதம் அந்தச் சீட்டு திரும்ப வருமா வராதா என்பது பல வீடுகளில் முடிவாகிறது. பரிவு என்றால் இனிக்க இனிக்கப் பேசுவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மனநோய்க்கு மருந்து கொடுக்கும் இடத்தில் பரிவு சிகிச்சையிலேயே சேர்ந்தது. அது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. அதை ஊர்ப்புறத்துக்குக் கொண்டுபோகும் மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்கு 1997இல் வந்து, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. அந்தத் திட்டத்தின் மருத்துவர் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு முறை வைத்து வருவார். விளாத்திகுளம், புதூர், கயத்தாறு பக்கத்துக் கிராமத்து ஆட்களுக்கு அந்த நாளை விட்டால் வேறு நாள் இல்லை. அன்றைக்குக் களையெடுப்பு இருந்தாலோ பஸ் தவறினாலோ அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ போக வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர், நோயைப் பொறுத்து, உரிய சிகிச்சை இல்லாமல் இருந்தார்கள். சிகிச்சைக்கு வந்து சேர்ந்த சிலரையும் நடுவழியில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்பது இதிலேயே தெரியும். மருத்துவர் அவர்களைப் பார்ப்பது மாதத்தில் சில நிமிடம். மீதி நாளெல்லாம் சந்தேகம் கேட்கப் பக்கத்தில் இருப்பது மெடிக்கல்தான்.

சந்தேகங்கள் முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடும். காய்ச்சல் மாத்திரை ராத்திரிக்குள் வேலை செய்கிறது. மனச்சோர்வுக்கு எழுதும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் அப்படியல்ல. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஆனால் குமட்டல், வயிற்றுப் புரட்டல், படபடப்பு எல்லாம் முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். நல்லது பின்னால் வருகிறது, தொல்லை முன்னால் வருகிறது. இதை யாரும் சொல்லாவிட்டால் நோயாளி ஐந்தாம் நாள் அட்டையைத் தூக்கி மச்சில் வைத்துவிடுவார். “அக்கா, முதல் வாரம் கொஞ்சம் வயித்தைப் புரட்டும். சாப்பிட்டுட்டுப் போடுங்க. மூணு நாலு வாரம் பொறுங்க, டாக்டரைக் கேக்காம நிறுத்திராதீங்க.” இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

இதைவிட விபரீதமான ஒன்று உண்டு. கடும் மனநோய்க்கு எழுதும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளை ஆரம்பித்த முதல் சில நாட்களில் சிலருக்கு, குறிப்பாக இளவட்டப் பையன்களுக்கு, தசை இறுகிக்கொள்ளும். கழுத்து ஒரு பக்கமாகத் திருகும். தாடை கோணும், நாக்குத் தடித்தது போலாகிப் பேச்சு குழறும். கண் இரண்டும் மேலே செருகி அப்படியே நிற்கும். பார்க்கிறவர்களுக்கு ஈரக்குலை நடுங்கிவிடும். மருந்து கொடுத்ததால் உள்ளே இருக்கும் பேய்க்குக் கோபம் வந்துவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். இது மருந்தின் பக்கவிளைவு. ஆஸ்பத்திரியில் உரிய ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். மூச்சுவிடச் சிரமப்பட்டால் கணமும் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். வீட்டு ஆள் ஓடி வந்து சொல்லும்போது, “பயப்படாதீங்க, மாத்திரையால வந்ததுதான். சீட்டையும் அட்டையையும் எடுத்துக்கிட்டு நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க” என்று சொல்லத் தெரிந்த ஒருவர் கடையில் இருந்தால், அந்தக் குடும்பம் ஆஸ்பத்திரியின் பக்கம் திரும்பும். இல்லையென்றால் எங்கே போகும் என்பது நமக்குத் தெரியும்.

விளாத்திகுளத்திலிருந்து கிழக்கே வேம்பார், சாயல்குடி வழியாகப் போனால், மனநோயாளிகளை அழைத்துப்போகும் தர்கா உள்ள ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. தர்காவுக்கு வந்து பிரார்த்திக்கும் நம்பிக்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. பின்னாளில் அரசே அங்கு பிரார்த்தனையோடு மருத்துவமும் சேர்ந்து கிடைக்க ஏற்பாடு செய்தது; அது நல்ல வழி. ஆனால் அந்த 28 பேரின் வீட்டாரும் ஒரு காலத்தில் பதில் கிடைக்காமல் அலைந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்ற நினைப்பு விலக மாட்டேன் என்கிறது.

கரிசல் காட்டுக்கென்றே உள்ள ஆபத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். இருதுருவ மனநோய்க்கு லித்தியம் என்ற அருமையான மருந்து இருக்கிறது. ரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்குச் சுமார் 0.6 முதல் 1.2 மில்லிமோலுக்குள் நிற்க வேண்டும். கூடினால் அதுவே விஷம். பங்குனி, சித்திரை வெயிலில் மிளகாய்ப் பழம் எடுக்கப் போகிற ஒரு பெண் லித்தியம் சாப்பிடுகிறார் என்று வையுங்கள். வியர்வை ஊற்றுகிறது. கொண்டுபோன தண்ணீர் பத்து மணிக்கே தீர்ந்துவிடுகிறது. உடம்பில் நீரும் உப்பும் குறையக் குறையச் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். சாயங்காலம் உடம்பு வலி தாங்காமல் மெடிக்கலுக்கு வந்து ஒரு வலி மாத்திரை கேட்கிறார். வழக்கம்போல டைக்ளோஃபெனாக் கையில் வருகிறது. அதுவும் லித்தியத்தின் அளவை ஏற்றும். நாலைந்து நாளில் கை வெடவெடவென்று நடுங்கி, வாந்தியும் பேதியுமாகி, நடை தள்ளாடி நாக்குக் குழறும்போது, நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் நினைப்பார்கள். அந்த இரண்டு மாத்திரைகளையும் ஒரே கடையிலேயே வாங்கியிருப்பார்!

“வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க தாயி?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள், சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள், வாந்தி பேதி வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வர வேண்டுமானால் நோயாளிக்குக் கடைக்காரரிடம் கூச்சம் இருக்கக் கூடாது. முதல் தடவை முகத்தைச் சுளித்த இடத்தில் இரண்டாம் தடவை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். பரிவு சிகிச்சையில் சேர்ந்தது என்று மேலே சொன்னதன் பொருள் இதுதான்.

குளோசபின் என்ற மனநோய் மருந்தைச் சாப்பிடுகிறவருக்கும் இதே கேள்விதான் உயிர் காக்கும். அவர் காய்ச்சல், தொண்டை வலி என்று வந்தால் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. அந்த மருந்தால் ரத்த வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கலாம். உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும்.

அட்டையைக் கத்தரிக்கும் பழக்கத்தையும் பார்க்க வேண்டும். கையில் இருக்கும் காசுக்கு ஐந்து மாத்திரை கேட்பவருக்கு அட்டையை வெட்டிக் கவரில் போட்டு, மேலே 1-0-1 என்று எழுதிக் கொடுப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு அந்த எண்கள் எதையும் சொல்வதில்லை. மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்ட மறுபாதியோடு கடையிலேயே தங்கிவிடும். இன்னொரு மருத்துவரிடம் காட்டினால், “மண்டைக்கு மஞ்சள் மாத்திரை” என்பதற்கு மேல் பாட்டியால் ஒன்றும் சொல்ல முடியாது. கவரில் மருந்தின் பெயரை எழுதி, காலைக்குச் சூரியனும் ராத்திரிக்குப் பிறையும் வரைந்து கொடுத்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது.

பரிவு என்பது கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுப்பதும் அல்ல. அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் போன்றவை 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது; எழுதிய மருத்துவர், வாங்கியவர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை என்று கேட்கிறவருக்குப் பழக்க தோஷத்தில் நாலு மாத்திரை கொடுத்தால், நாள்பட அதுவே அடிமைத்தனமாகும். நாள்பட்டுச் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். “சீட்டு இல்லாமத் தர முடியாதுங்கய்யா, எத்தனை நாளாத் தூக்கம் இல்ல?” என்று கேட்பதிலும் மறுப்பு இருக்கிறது. ஆனால் அது ஆளை விரட்டாது.

மனம் உடைந்து வருகிறவர் சில நேரம் தம் வாயாலேயே சொல்லிவிடுவார்: “இனி இருந்து என்ன செய்ய.” இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுச் சில்லறை எண்ணக் கூடாது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது; கேட்டதும் பாரம் இறங்கியதாகத்தான் பலர் சொல்கிறார்கள். அவரை உட்கார வைத்து வீட்டுக்குத் தகவல் சொல்லலாம். 14416 என்ற எண்ணுக்குக் கடை போனிலேயே பேச வைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் இலவசச் சேவை அது. இரவு பகல் பாராமல் தமிழிலேயே பேசுவார்கள். அவர் ஒப்புக்கொண்டால் மாத்திரைகளை வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப்போகச் சொல்லலாம். தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் இன்றும் சில வீடுகளில் மறைக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

அதே சட்டம், அத்தியாவசிய மனநல மருந்துகளைச் சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறது. காசில்லாமல் பாதி மருந்தோடு திரும்புகிற ஒருவரிடம், “இது பெரியாஸ்பத்திரியில சும்மாவே கிடைக்கும்” என்று சொல்கிற கடைக்காரர் ஒரு வியாபாரத்தை இழக்கிறார். அப்படிச் சொல்கிறவரை ஊர் மறக்காது.

மருந்தாளுநரின் பாட்டையும் நினைக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை, குறைந்த சம்பளம், ஆன்லைன் தள்ளுபடியோடு போட்டி. சுவரில் தொங்கும் சான்றிதழ் ஒருவருடையதும் மருந்தை எடுத்துக் கொடுக்கிறவர் வேறொருவருமாக இருக்கும் கடைகளும் உண்டு. அங்கே பரிவை எதிர்பார்ப்பதற்கு முன் படித்த ஆளை எதிர்பார்க்க வேண்டும். நோயாளிக்கு விளக்கம் சொல்வதை 2015ஆம் ஆண்டின் மருந்தாளுநர் தொழில் விதிமுறைகள் கடமையாகவே வைத்திருக்கின்றன. ஆனால் எப்படிப் பேசுவது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

சொல்லிக் கொடுக்க முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டில் பெட்டி கிச்சனரும் ஆன்டனி ஜார்மும் தொடங்கிய மனநல முதலுதவிப் பயிற்சியைப் பிறகு மருந்தியல் மாணவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மனநோயாளிகளை ஒதுக்கும் மனப்பான்மை அவர்களிடம் குறைந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 2014இல் ‘புளூம்’ என்ற திட்டம் வந்தது. ஊர் மருந்துக்கடைகளே மனநல நோயாளிகளை உட்கார வைத்துப் பேசி, மருந்துச் சிக்கல்களைத் தீர்க்க உதவின.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனே வேண்டாம். மாவட்ட மனநலக் குழுவினர் ஆண்டுக்கு ஒருநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில்பட்டி வட்டாரத்து மருந்தாளுநர்களையும் கடைப் பையன்களையும் உட்கார வைத்துப் பேசட்டும். அரசு மருந்தகத்தில் வேலை செய்பவர்களையும் 2025இல் திறந்த முதல்வர் மருந்தகங்களை நடத்துகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளட்டும். குணமாகி வேலைக்குப் போகிற ஒரு நோயாளியையும் அழைத்துப் பேச வைத்தால் இன்னும் நல்லது. மெடிக்கல் வைத்திருக்கிற அண்ணாச்சிகள் அதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கடை ஓரத்தில் ஒரு ஸ்டூல் போடுங்கள். மருந்துப் பெயரைச் சத்தம் போட்டுச் சொல்லக் கூடாது என்று பையனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். 14416 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி, வாங்க வருகிறவர் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள்.