காஸ்பரோவை வீழ்த்திய கம்ப்யூட்டர்... ஆரம்பத்தில் இருந்த அனந்தராமனைத் தெரியுமா?

கருணாபுரத்தில் ஸ்கூல் விட்டு வரும் பையன் வீட்டு செல்போனில்கூட, உலக சாம்பியனையே திணறடிக்கும் செஸ் புரோகிராமை இன்று இலவசமாக டவுன்லோடு செய்துவிடலாம். 1980-களில் இதற்கென்றே தனியாக ஒரு மெஷின் கட்ட வேண்டியிருந்தது. அப்படிக் கட்டிய மாணவர்களில் ஒருவர், தாமஸ் அனந்தராமன்.

இடம், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். 1985-ல் உடன் படித்த ஃபெங் சியுங் சூ, செஸ்ஸுக்கென்றே ஒரு சிப் வடிவமைத்தார். அதை இயக்கும் மென்பொருள் வேலையில் இறங்கினார் அனந்தராமன். முர்ரே கேம்ப்பெலும் சேர்ந்துகொள்ள, 'சிப்டெஸ்ட்' பிறந்தது. அடுத்தது 'டீப் தாட்'. அது 1988-ல் டென்மார்க் கிராண்ட் மாஸ்டர் பென்ட் லார்சனை ஒரு போட்டியில் தோற்கடித்தது.

சும்மா வேகத்தால் மட்டும் வந்த வெற்றி இல்லை இது. நம்ம ஊர் ஆடு புலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புலி வெட்டக் காத்திருக்கிறது. ஆடு வைப்பவர் எல்லா இடத்தையும் யோசிப்பாரா? ஆட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தை அடைத்தே ஆக வேண்டும். அதை அடைத்தால் அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று அந்த ஒரு வழியிலேயே மனசு தூரமாக ஓடும். கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. எல்லா வழியிலும் ஒரே அளவுக்குப் பார்த்துவிட்டு நின்றுவிடும். அதைத் தாண்டி ஒளிந்திருக்கும் ஆபத்தில் மாட்டிக்கொள்ளும்.

'ஒரே ஒரு நல்ல மூவ்தான் இருக்கிறதா? அங்கே மட்டும் இன்னும் ஆழமாகத் தேடு' என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் அனந்தராமன், கேம்ப்பெல், சூ மூவரும். இதன் பெயர் 'சிங்குலர் எக்ஸ்டென்ஷன்'. இன்றைய 'ஸ்டாக்ஃபிஷ்' புரோகிராமுக்குள்ளும் இந்த யோசனை இருக்கிறது.

1989-ல் கிராண்ட் மாஸ்டர் தரத்தை எட்டியதற்காக டீப் தாட் குழுவுக்கு 10,000 டாலர் ஃப்ரெட்கின் பரிசு. பிறகு ஐ.பி.எம். அழைத்தது. சூவும் கேம்ப்பெலும் அங்கேயே தங்கிவிட, அனந்தராமன் கொஞ்ச காலத்திலேயே நிதித்துறைக்குப் போய்விட்டார்.

1997 மே 11. நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசிய 'டீப் புளூ', காஸ்பரோவை 3.5 - 2.5 என்று வென்றது. ஃப்ரெட்கினின் 1,00,000 டாலர் பரிசு சூ, கேம்ப்பெல், ஹோன் மூவருக்கும் போனது. ஹோன், அனந்தராமன் விட்டுப்போன இடத்துக்கு வந்தவர். பரிசு விதிப்படி சரிதான். ஆனால், டீப் புளூ கதையைச் சொல்பவர்கள் அனந்தராமன் பெயரை ஒரு வரியாவது சேர்க்கலாமே?

அவரோ செஸ்ஸை விட்டு டி.என்.ஏ பக்கம் போய்விட்டார். துண்டு துண்டாகக் கிடைக்கும் டி.என்.ஏ-வைச் சரியான வரிசையில் பொருத்தும் 'ஆப்டிகல் மேப்பிங்' ஆய்வு. எண்ணிலடங்காத வழிகளில் சரியானதைத் தேடும் வேலை, அங்கேயும்!