510 கைகளும் ஓர் எக்ஸெல் ஷீட்டும்

"சீட்டுப் போடுறதுலயே கோல்மால் இருக்கு, மாமா" என்றான் என் அக்கா மகன். 2022-ல் ஒரு போக்கர் தளத்தில் 38,000 ரூபாயை விட்டவன் அவன். பணம் தீரப் போகிற நேரம் பார்த்துத் தளம் மோசமான சீட்டுகளைத் தள்ளுகிறது என்பது அவன் கட்சி. எனக்கு ரம்மி தெரியும், போக்கர் தெரியாது. ஆனால் எக்ஸெல் தெரியும். சரி, எழுதி வைத்துப் பார்த்துவிடலாம் என்று இருவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோம். ஆடுவது நான், பதிவு செய்வது அவன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பேதம் அதில் இல்லை. எனவே இங்கு நான் எழுதுவதெல்லாம் காசில்லாத சிப்பை வைத்து ஆடுவதைப் பற்றியே. நாங்கள் எடுத்துக் கொண்டது போக்கர்டிஎச் என்ற திறந்த மூல புரோகிராம். இலவசமாக டவுன்லோட் செய்து கொள்ளலாம். ஒரு மேஜையில் பத்து பேர் வரை ஆடலாம். எதிரே கம்ப்யூட்டரையும் உட்கார வைக்கலாம், இன்டர்நெட் வழியாக மனிதர்களுடனும் ஆடலாம்.

ஆட்டம் எளிமையானதுதான். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பின் ஒன்று, பின் ஒன்று என ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவருக்கு மேஜையில் உள்ள சிப் எல்லாம். ஒவ்வொரு கட்டத்திலும் சிப் கட்ட வேண்டும். பிடிக்காவிட்டால், ரம்மியில் ஸ்கூட் போவது போல, சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். ஒரு முறை சீட்டுப் போட்டு முடிப்பது ஒரு கை.

எக்ஸெல்லில் ஆறு நெட்டு வரிசைகள் வைத்தோம்: கையின் எண், வந்த இரண்டு சீட்டுகள், என் இருக்கை, ஆடினேனா கவிழ்த்தேனா, சிப்பில் வரவு அல்லது செலவு, கடைசியாக "ஏன்". அந்தக் கடைசி வரிசையை நான்தான் சொன்னேன். பின்னால் அதற்காக வருத்தப்பட்டேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் 510 கைகள் சேர்ந்தன. முதலில் கோல்மாலைத் தேடினோம். 52 சீட்டில் இரண்டை எடுக்க 1,326 வழிகள் உண்டு. அவற்றில் 78 வழிகளில் ஜோடி வரும். அதாவது 17 கைக்கு ஒன்று. எங்கள் 510 கைக்கு 30 ஜோடி வர வேண்டும். கவுன்ட்இப் பங்ஷன் 28 என்றது. ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒன்று. இரண்டு வந்திருக்கலாம், எனக்கு ஒன்றுதான் வந்தது. இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இந்த புரோகிராம் ஒழுங்காகச் சீட்டுப் போடுவதால் அவன் ஆடிய தளமும் ஒழுங்கு என்று ஆகிவிடாது. தவிர, சீட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல 510 கை மிகக் குறைவு. ஆடுகிறவனைப் பற்றிச் சொல்ல மட்டும் அது தாராளமாகப் போதும்.

நான்காவது வரிசையை எண்ணிப் பார்த்தோம். 510-ல் 311 கைகளை ஆடியிருந்தேன், அதாவது 61 சதவீதம். ஒன்பது பத்துப் பேர் உள்ள மேஜையில் புதியவர் பத்துக் கைக்கு இரண்டு ஆடினால் போதும். "ஏன்" வரிசையில் பில்டர் போட்டால் "இரண்டும் ஒரே ஜாதி" என்று வரிசையாக நிற்கிறது. இஸ்பேட் ஒன்பதும் இஸ்பேட் இரண்டும் வந்தால் என்ன பெரிய சீட்டு? ஒரே நிறமாக அழகாக இருக்கிறது என்று ஆடியிருக்கிறேன்.

இதைவிட அதிகம் சிப்பைத் தின்றது இன்னொன்று. பொதுச் சீட்டு மூன்று திறந்ததும் என்னிடம் ஒரே ஜாதியில் நான்கு சேர்ந்துவிடும். ஐந்தாவது வந்தால் பிளஷ். கண்ணுக்குத் தெரியாத 47 சீட்டில் அந்த ஜாதி 9 இருக்கிறது. அடுத்த சீட்டிலேயே வர வாய்ப்பு 19 சதவீதம். இரண்டு சீட்டையும் பார்த்தால் 35 சதவீதம். மேஜையில் 300 இருக்கிறது, எதிராளி 300 கட்டுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். நானும் 300 கட்டினால் மொத்தம் 900. அதில் என் பங்கு மூன்றில் ஒன்று. 33-ஐ விட 35 பெரிது என்று ஒவ்வொரு முறையும் கட்டினேன். கணக்கு சரி, ஆனால் நான் வாங்கியது இரண்டு சீட்டு அல்ல, ஒன்று. அடுத்த சீட்டு வந்ததும் அவர் மறுபடி 900 கட்டுவார், கடைசிச் சீட்டுக்குத் தனி விலை. 19 சதவீத வாய்ப்பை 33 சதவீத விலைக்கு வாங்கிக் கொண்டிருந்தேன். அவர் கையில் உள்ள எல்லா சிப்பையும் வைத்துவிட்டால் மட்டுமே 35 செல்லும். அவர் 50 மட்டும் கட்டியிருந்தால் 400-க்கு 50, எட்டில் ஒரு பங்கு, யோசிக்காமல் கட்டலாம். பிளஷ் சேர்ந்த பின் அவரிடமிருந்து இன்னும் கறக்கலாமே என்பீர்கள். கறக்கலாம்தான். ஆனால் பொதுச் சீட்டில் ஒரே ஜாதி மூன்று கிடப்பது அவர் கண்ணிலும் படும்.

இருக்கை விஷயம் சீக்கிரம் புரிந்தது. எல்லோருக்கும் பிறகு பேசும் இடத்தில் சிப் சேர்ந்திருந்தது, முதலில் பேசும் இடங்களில் கரைந்திருந்தது. மற்றவர் செய்வதைப் பார்த்துவிட்டு முடிவு எடுப்பது சுலபம், அவ்வளவுதான்.

அடுத்த 500 கைகளில் 24 சதவீதமே ஆடினேன். சிப் ஏறியது. இதற்காகத் தலைகால் தெரியாமல் ஆடத் தேவையில்லை. இலவச சிப் மேஜையில் யாரும் எளிதில் கவிழ்ப்பதில்லை, எனவே நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பவருக்கு அங்கே லாபம். வெற்றுக் கையை வைத்து மிரட்டும் வேலை அங்கே எடுபடாது.

ஒருநாள் இரவு அவன் பழைய ஷீட்டைத் திறந்து ஒன்று செய்தான். நான் பெரிய அளவில் தோற்ற 14 கைகளைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் அடுத்த ஐந்து கைகளைத் தனியே எடுத்தான். மொத்தம் 70 கைகள். அதில் 57-ஐ ஆடியிருக்கிறேன், 81 சதவீதம்! "ஏன்" வரிசையில் பாதிக்கு மேல் ஒரே விடை: "விட்டதைப் பிடிக்க". காசு பெறாத சிப்புக்கே இப்படி.

அவன் எதுவும் சொல்லவில்லை. செல்போனில் 2022-ம் ஆண்டு பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் புதிய ஷீட்டில் ஏற்றத் தொடங்கினான். தேதி, நேரம், தொகை. தளத்துக்குப் பணம் போனது 11 முறை. நேரப்படி வரிசைப்படுத்தினான். அதில் ஆறு, ஒரே இரவில், 12.40-க்கும் 2.10-க்கும் நடுவில்.

கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டிருந்தான்.

"கோல்மால் கதைய அப்புறம் பேசலாம் மாமா" என்றான். "நீங்க அடுத்த கையப் போடுங்க."