காத்திருக்கும் கறி

வட கரோலினாவில் 50 பேருக்கு விருந்து வைப்பதென்றால் பிரியாணிப் பேச்சே வேண்டாம் என்பது என் கட்சி. தம் உடைக்கிற நேரமும் விருந்தாளி வருகிற நேரமும் ஒத்துப்போயாக வேண்டும். இங்கே பாதிப் பேர் பிள்ளைகளின் கால்பந்துப் பயிற்சி முடிந்துதான் வருவார்கள். புல்டு போர்க் யாருக்காகவும் காத்திருக்கும். பன்றியின் தோள்கறியைப் புகையில் இரவு முழுக்க மெல்ல வேகவைத்து, நாராகப் பிய்த்து, வினிகர் தெளித்துப் பன்னுக்குள் வைத்துக் கொடுப்பது. அவ்வளவுதான் சமாச்சாரம்.

கறிக்கடையில் ‘பாஸ்டன் பட்’ என்று கேட்டால் முன்னங்கால் தோளின் மேல்பகுதியை எலும்போடு தருவார்கள். கொழுப்பும் சவ்வும் ஓடிய பகுதி. பார்க்க அழகாக இருக்கிறதே என்று கொழுப்பில்லாத முதுகுக்கறியை வாங்கினால் வறண்டு சக்கையாகிவிடும். தோளின் சவ்வில் இருக்கும் கொலாஜன், மிதமான சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் ஜெலட்டினாகக் கரைந்து கறிக்குள்ளேயே தங்கும். பிய்க்கும்போது வரும் ஈரப்பசை அதுதான்.

கணக்கில் கருமித்தனம் கூடாது. ஆளுக்கு 150 கிராம் வெந்த கறி என்றால் 50 பேருக்கு ஏழரைக் கிலோ. எலும்பும் உருகிய கொழுப்பும் ஆவியான நீரும் போக, வாங்கிய எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். ஆக 14, 15 கிலோ பச்சைக் கறி வேண்டும்; மூன்றரை, நாலு கிலோத் துண்டாக நான்கு. நான்கு துண்டு வைத்ததால் நேரம் நான்கு மடங்காகாது. துண்டின் பருமன்தான் நேரத்தைத் தீர்மானிக்கும்.

முந்தின நாள் மாலையே உப்பு, பழுப்புச் சர்க்கரை, மிளகு, பாப்ரிகா தூள் தடவி வைத்துவிடுவேன். இரவு ஸ்மோக்கரில் ஏற்றுவது. தீ நேரடியாகக் கறியில் படக்கூடாது. சூடு 110 முதல் 120 டிகிரி செல்சியஸ். ஹிக்கரி அல்லது ஓக் விறகு. வெள்ளைப் புகை மொத்தமாகக் குமுறினால் கறி கசந்துபோகும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலமாக வர வேண்டும்.

விடியும் நேரத்தில்தான் புதியவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். கறியின் உள்சூடு 65, 70 டிகிரி வரை ஒழுங்காக ஏறி, அங்கேயே மணிக்கணக்காக நின்றுவிடும். அடுப்பு அணையவில்லை, தெர்மாமீட்டரும் கெடவில்லை. மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகி, மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல் கறியைக் குளிர்விக்கிறது. பயந்து தீயைக் கூட்டாதீர்கள். அவசரமென்றால் அலுமினியத் தாளில் இறுகச் சுற்றினால் ஆவி வெளியேறாது, சூடு மறுபடி ஏறும். மேலே பிடித்த கரும்பட்டை கொஞ்சம் இளகும், பரவாயில்லை. உள்சூடு 95 டிகிரியை நெருங்கும்போது நடு எலும்பைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். இதற்கு 12 மணி நேரம், சில நாள் இன்னும் கூடுதலாகவே ஆகும்.

இனிமேல்தான் காத்திருப்பு. ஐஸ் போடாத குளிர்பானப் பெட்டிக்குள் பழைய துண்டுகளை விரித்து, தாளில் சுற்றிய கறியை வைத்து மூடினால் மூன்று மணி நேரம் தாராளமாகச் சூடு நிற்கும். 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். விருந்தாளி வந்த பிறகு பிய்க்கலாம்.

சாஸ் விஷயத்தில் இந்த மாநிலமே இரண்டு கட்சி. கிழக்கே முழுப் பன்றியைச் சுட்டு, வினிகரும் மிளகாயும் மட்டும் சேர்ப்பார்கள். 1947இல் பீட் ஜோன்ஸ் ஏய்டனில் தொடங்கிய ஸ்கைலைட் இன் உணவகத்தில் இன்றும் விறகுத் தீதான், கட்டையில் வைத்து வெட்டுக்கத்தியால் கொத்திய கறிதான். மேற்கே லெக்சிங்டன் வழியில் தோள்கறி மட்டும். வினிகரோடு கொஞ்சம் தக்காளிக் கெச்சப். 1984 முதல் அக்டோபரில் அதற்கென்றே அந்த ஊரில் திருவிழா. தெற்கு கரோலினாக்காரர்கள் கடுகு சாஸ் ஊற்றுவார்கள், அவர்கள் பாடு. தோளை லெக்சிங்டன் போல வாங்கினாலும் சாஸில் நான் கிழக்குக் கட்சி. இவ்வளவு கொழுப்புக்கு முன்னால் நிற்கக் கூடியது புளிப்பு ஒன்றுதான். சைடர் வினிகர், உப்பு, மிளகு, இடித்த மிளகாய், ஒரு சிட்டிகை சர்க்கரை. கூடவே முட்டைக்கோஸ் கோல்ஸ்லா.

இந்த இரவுக் காவலுக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. அமெரிக்கத் தெற்கின் தோட்ட முதலாளிகளின் விருந்துகளில் குழி வெட்டி, கரி தள்ளி, விடிய விடிய நின்றவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். பேர் மட்டும் வேறு யாருக்கோ போனது. வில்சன் ஊரின் எட் மிட்செல், 2018இல் ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்ற ரோட்னி ஸ்காட் போன்றவர்கள் அந்தக் கைத்திறனின் வாரிசுகள்.

நம்மவர்களில் பலர் பன்றியைத் தொடமாட்டார்கள். அவர்களுக்கு டின்னில் வரும் பிஞ்சுப் பலாக்காயை உதிர்த்து, இதே வினிகரில் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு வையுங்கள்.

மிஞ்சும் கறியைச் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டுப் பிரட்டினால் பரோட்டாவுக்குப் பிரமாதம். ஆனால் பரிமாறிய தட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் விடாதீர்கள். அகலத் தட்டில் மெல்லப் பரப்பி உடனே குளிர்பெட்டியில் வையுங்கள். நாலு நாளுக்குள் முடியாது என்று தெரிந்தால் அன்றே பிரித்துக் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள்.