தெருவுக்கு ஒரு அக்கா: இல்லம் தேடிக் கல்வியும் விளையாட்டுப் பாடமும்

பள்ளி விட்டபின் ஊர்த் தன்னார்வலர்கள் தங்கள் தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, பாட்டும் கதையும் விளையாட்டுமாகச் சொல்லித் தருவதற்காகத் தமிழக அரசு கொண்டுவந்த திட்டம் இல்லம் தேடிக் கல்வி. விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை ஒட்டிய முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதைத் தொடங்கிவைத்தார். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் திறக்க ஐந்து நாள்களே இருந்தன.

மரக்காணம் உப்பளமும் மீனவர் குப்பங்களும் நிறைந்த கரை. மழைக்காலம் முடிந்ததும் பாத்திகளை மிதித்து இறுக்கி உப்புநீர் கட்டுவார்கள். அடுத்த மழை வரும்வரை உப்பு வாருவார்கள். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கப் பெற்றோர் விடியுமுன்பே கிளம்ப வேண்டும். கைப்பேசியில் பாடம் நடந்த மாதங்களில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர ஆள் இல்லாத இப்படிப்பட்ட வீடுகளின் பிள்ளைகள்தான் அதிகம் பின்தங்கினார்கள்.

யார் சொல்லித் தந்தார்கள்?

திட்டம் தொடங்கியபோது வகுத்த விதி இது: தொடக்க வகுப்புகளுக்கு பிளஸ் டூ முடித்தவர்கள், 6 முதல் 8 வரை பட்டம் பெற்றவர்கள். ஒருவருக்குச் சுமார் 20 பிள்ளைகள்; மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம்; மாத ஊக்கத்தொகை ரூ.1,000. முன்வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதே தெருவில் வளர்ந்தவர் என்பதால் பிள்ளைகளுக்கு அவர் ‘டீச்சர்’ என்பதைவிட ‘அக்கா’. ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கே போய்க் கேட்கவும் அவரால் முடியும்.

இது புது வழியல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுச்சேரியிலும் புதுக்கோட்டையிலும் எழுத்தறிவு தர நடந்த அறிவொளி இயக்கம் இப்படித்தான் உள்ளூர் இளைஞர்களை நம்பி இறங்கியது. புதுக்கோட்டையில் எழுத்தோடு சைக்கிளும் கற்ற பெண்கள் ஏராளம். அப்போது கலைக்குழுக்கள் ஊர் ஊராய்ப் போய் ஆள் திரட்டியதைப் போலவே, இல்லம் தேடிக் கல்விக்காகவும் கலைக்குழுக்கள் பறையும் பாட்டுமாகப் புறப்பட்டன.

விளையாட்டு எதற்கு?

பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. ஒரு குழியின் முத்துகளை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கடைசி முத்து எங்கே விழும் என்று அள்ளுமுன்பே மனக்கணக்குப் போடுபவருக்கே ஆதாயம். எதிராளியின் கண்ணெதிரே போடுவதால் ஒரு முத்தைக்கூட மறைக்க முடியாது. தன் முறை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டும். எண்ணிக்கையும் பொறுமையும் நேர்மையும் ஒரே பலகையில் பழக்கத்துக்கு வருகின்றன.

பல வயதுப் பிள்ளைகள் கலந்து உட்காருவதில் இன்னொரு நன்மை உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆட்டத்தின் விதியைச் சொல்லித் தரும்போது, தனக்கே அது தெளிவாகிறது. சின்னவரை விட்டுவிடாமல் அழைத்துப்போகும் பொறுப்பும் வருகிறது. தலைமைப் பொறுப்பை வாரா வாரம் மாற்றிக் கொடுத்தால் கூச்சப்படும் பிள்ளைக்கும் அதில் ஒரு முறை கிடைக்கும்.

பலன் என்ன?

அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்து 2022இல் அறிக்கை தந்தனர். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியானது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது என்பது அவர்கள் கணிப்பு.

அந்த ஆய்வு அளந்தது மொழியையும் கணக்கையும் மட்டுமே. குணமும் தலைமைப் பண்பும் அந்த அளவுகோலில் அடங்கவில்லை. இருபது பிள்ளைகளைத் தினமும் சேர்த்து உட்காரவைத்து, சண்டையைத் தீர்த்து, பெற்றோரிடம் பேசிப் பழகும் தன்னார்வலரும் அந்த மாலை வகுப்பில் ஒரு மாணவர்தான்.